ஷார்ஜா விமானத்துக்குப் பயந்த சேவல்

கல்யாணத்துக்குப் போன மனுஷர் தாம்பூலப் பையோடு திரும்புவார் என்றுதான் எந்தப் பெண்ணும் நினைப்பாள். என் கணவர் சேவலோடு திரும்பினார். காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டுக் கொண்டு வருவார்களே, அந்த மாதிரிச் சேவல் இல்லை. காய்ச்சல் கண்ட பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவதுபோல் இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். கொல்லையில் இறக்கிவிட்டதும் அது எழுந்தது. எழுந்துகொண்டே இருந்தது. கால் முடிந்து உடம்பு வந்து, உடம்பு முடிந்து கழுத்து வந்து, கழுத்து முடிவதற்குள் எனக்கு மூச்சு முட்டிவிட்டது. தலை என் இடுப்பு உயரத்துக்கு வந்து நின்றது.

“என்னங்க இது?”

“பெருவிடைட்டி. நம்ம ஊர்ப் பக்கம் இதுக்கு மேல ஒரு ரகம் கிடையாது பாத்துக்க. சண்டைக்கு விட்ட பரம்பரை. கல்யாண வீட்டுல ஒரு சொந்தக்காரன் ஆசையா குடுத்தான்.”

நாகர்கோவிலிலிருந்து பஸ்ஸில் வரும்போது சாக்குக்குள் இருக்க மாட்டேன் என்று தலையை வெளியே நீட்டி, பக்கத்து சீட்டுக்காரர் படித்த பேப்பரை அதுவும் சேர்ந்து படித்ததாம். கண்டக்டர் இரண்டு பேருக்கும் டிக்கெட்டா என்று கேட்டாராம். இதையெல்லாம் பெருமையாகச் சொன்னார். கல்யாண வீட்டு முறுக்கும் அதிரசமும் எங்கே என்று நான் கேட்டேன். பசித்துக் கத்திய சேவலுக்குக் களியக்காவிளை தாண்டுவதற்குள்ளேயே எல்லாவற்றையும் போட்டுவிட்டாராம். எங்களுக்குள் முதல் பகை அப்போதே விழுந்துவிட்டது. எனக்கும் அவருக்கும் இல்லை, எனக்கும் சேவலுக்கும்.

இது தொண்ணூறுகளின் நடுவில். திருவனந்தபுரத்தில் மணக்காட்டைத் தாண்டி முட்டத்தறை போகும் வழியில் ஒரு வீட்டின் பின்பகுதியில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். அவருக்கு ஆரியசாலையில் ஒரு மிளகாய் வத்தல் மொத்தக் கடையில் வேலை. நான் வீட்டிலிருந்தபடி ஜாக்கெட் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். முன்பகுதியில் வீட்டின் சொந்தக்காரி, ஒரு மலையாளத்துச் சேச்சி. அவருடைய கணவர் ஷார்ஜாவில் இருந்தார். சேச்சி நல்ல மனுஷி. எதையும் உரக்கச் சொல்லிப் பழகியவர்.

சேவலைப் பார்க்க ஓடி வந்த சேச்சி, அதைச் சுற்றி ஒரு பிரதட்சிணமே வைத்துவிட்டார்.

“தள்ளே! இது எந்தர் அண்ணாச்சீ? கோழி தன்னே ஆணோ?”

கோழிதானா என்ற சந்தேகத்தை என் கணவர் தீர்த்தார்: “பெருவிடை, சேச்சி.”

“பெருவடயோ?” என்று சேச்சி வாயைப் பிளந்தார். “உழுந்நோ, பரிப்போ?”

உளுந்து வடையும் இல்லை பருப்பு வடையும் இல்லை என்று அவர் நெடுநேரம் விளக்கினார். பிரயோஜனம் இல்லை. அன்றிலிருந்து முன்பகுதியில் சேவலுக்கு ‘வட’ என்றே பெயர் விழுந்துவிட்டது. சண்டைக்கு விட்ட பரம்பரைக்கு இப்படி ஒரு கதி.

கோழி காக்க எங்களுக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது என்பதை நான் ஒத்துக்கொள்ள வேண்டும். மூன்று நாட்டுக்கோழிகள் என் சொந்த முயற்சியில் கொல்லையில் வளர்ந்துகொண்டிருந்தன. தையல் மெஷினைப் பின்வாசலை ஒட்டிப் போட்டு, ஒரு கண் ஊசியிலும் ஒரு கண் கொல்லையிலுமாகத் தைப்பேன். கடல் பக்கம் என்பதால் மீன் இறங்குகிற இடமெல்லாம் பருந்து. மழைக்காலத்தில் படகுகள் கடலுக்குப் போகாவிட்டால் அவை பசியோடு ஊருக்குள் வரும். வந்தால் நேரே எங்கள் கொல்லைக்குத்தான் வரும். நான் ஆசையாக அடை வைத்துப் பொரிக்கிற குஞ்சுகளில் பாதியாவது அவற்றின் வயிற்றுக்குப் போய்விடும்.

பருந்தை விரட்ட வேண்டியதுதானே என்பீர்கள். அங்கேதான் எங்கள் வீட்டில் ஒரு சிக்கல் இருந்தது. வந்தது சாதாரணப் பருந்தாக இருந்தால் கல்லெடுத்து எறியலாம். சேச்சி அதைச் சக்கிப்பருந்து என்பார். உடம்பெல்லாம் கறுப்பும் தவிட்டு நிறமுமாக இருக்கும். ஆனால் வெள்ளைக் கழுத்தும் செம்பழுப்பு உடம்புமாக ஒன்று வருமே, அது கருடன். பெருமாளின் வாகனம். பத்மநாபசுவாமி பள்ளிகொண்டிருக்கும் ஊரில் அதன்மேல் யார் கல்லெறிவார்கள்? கருடனைக் கண்டால் ‘கிருஷ்ணா, கிருஷ்ணா’ என்று கன்னத்தில் போட்டுக்கொண்டே வளர்ந்த கைகள் எங்கள் இருவருடையதும்.

ஆகவே வீட்டுக்கு ஒரு சட்டம் போட்டிருந்தார் என் கணவர். “மொதல்ல கழுத்தப் பாரு. கறுத்திருந்தா எறி. வெளுத்திருந்தா கும்பிடு.”

சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் சூரியனுக்கு எதிரே அண்ணாந்து, கையால் கண்ணை மறைத்து, கழுத்தின் நிறத்தைக் கண்டுபிடிப்பதற்குள் குஞ்சு தென்னைமரத்துக்கு மேலே போயிருக்கும். அதற்குப் பிறகு எறிந்தாலும் ஒன்றுதான், கும்பிட்டாலும் ஒன்றுதான். ஒருதரம் அவர் கல்லை ஓங்கிய பிறகு வெள்ளைக் கழுத்தைப் பார்த்துவிட்டார். பதறிப்போய்க் கையில் இருந்த கல்லோடேயே கன்னத்தில் போட்டுக்கொண்டார். மறுநாள் வீங்கிய முகத்தோடு கடைக்குப் போக, நான்தான் அடித்துவிட்டேன் என்று ஆரியசாலை முழுக்கப் பேச்சாகிவிட்டது.

இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் சேவல் வந்திருக்கிறது என்று அவர் விளக்கினார். “சேவலுக்கு என்னட்டி பாவம் புண்ணியம்? அவன் கருடனையே கொத்தி விரட்டினாலும் அது நம்ம கணக்குல வராதுல்லா?”

சாஸ்திரம் படித்தவர்களுக்குக்கூட இந்த யோசனை தோன்றியிருக்காது. எனக்கும் அது சரியென்றே பட்டது. அத்தனை பெரிய காலும் நகமும் வைத்துக்கொண்டு ஒருவன் காவல் நின்றால் எந்தப் பருந்து இறங்கும்?

மறுநாள் காலையிலேயே அவன் வேலையைத் தொடங்கினான். கொல்லை நடுவில் நின்றவன் திடீரென்று தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் வானத்தைப் பார்த்தான். தொண்டைக்குள்ளிருந்து ‘க்ர்ர்ர்ர்’ என்று நீளமாக ஒரு சத்தம் வந்தது. பருந்தைக் கண்டால் சேவல்கள் இப்படித்தான் கூப்பிடும். கேட்டதும் என் மூன்று கோழிகளும் பாய்ந்து வாழைக்குள் ஒளிந்தன.

“பாத்தியா! பாத்தியா!” என்று அவர் குதித்தார்.

நான் அண்ணாந்து பார்த்தேன். வானத்தில் ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு இரைச்சல் கேட்டது. பிறகு விமான நிலையத்தில் இறங்குவதற்காகச் சக்கரத்தை நீட்டிக்கொண்டு ஒரு வளைகுடா விமானம் தென்னை ஓலைகளை உரசுவதுபோல் எங்கள் தலைக்கு மேலே போனது. சேவல் அதைப் பார்த்தான். இறக்கையை விரித்துக்கொண்டு இறங்குகிற அத்தனை பெரிய பருந்தை அவன் பரம்பரையில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஒரே ஓட்டமாக ஓடித் துணி துவைக்கிற கல்லுக்கு அடியில் தலையை விட்டான். தலை போயிற்று, கழுத்து போயிற்று, உடம்பு போகவில்லை. விமானம் போய் நெடுநேரம் ஆன பிறகும் பின்பக்கம் முழுவதும் வானத்தைப் பார்த்தபடி நடுங்கிக்கொண்டிருந்தது.

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் வாழைமரத்தைப் பார்த்தார்.

“புதுசுல்லா,” என்றார். “பழகிருவான்.”

பழகவே இல்லை. காலையில் ஒரு விமானம், மத்தியானம் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று எது வந்தாலும் நம் காதில் சத்தம் விழுவதற்கு முன்பே அவன் ‘க்ர்ர்ர்ர்’ என்று தொடங்கிவிடுவான். பிறகு கல்லுக்கு அடியில் தலை.

இதில் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் சேச்சி. ஷார்ஜாக்காரர் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் வருவார். ஆனாலும் விமானச் சத்தம் கேட்டால் சேச்சி கையில் இருப்பதைப் போட்டுவிட்டு முற்றத்துக்கு வந்து அண்ணாந்து பார்ப்பார். மஸ்கட்டிலிருந்து வந்தாலும் பம்பாயிலிருந்து வந்தாலும் அவருக்கு எல்லாமே ஷார்ஜா விமானம்தான். இப்போது சத்தம் வருவதற்கு முன்பே சேவல் சொல்லிவிடுவதால் சாவகாசமாகக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நிற்க முடிந்தது.

“வட ஆளு மிடுக்கன் கேட்டா!” என்று அவனுக்குப் பழம்பொரியின் ஓரத்தைப் பிய்த்துப் போடுவார்.

ஆனால் என் கோழிகள் முட்டாள்கள் இல்லை. முதல் வாரம் ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் ஓடின. இரண்டாவது வாரம் நடந்தன. அதன் பிறகு தலையைக்கூட நிமிர்த்தவில்லை. இவனுக்கு வேறு வேலை இல்லை என்று சீய்ப்பதைத் தொடர்ந்தன. காவல்காரன் வந்த பிறகு காவலே இல்லாமல் போயிற்று.

அந்தச் சமயத்தில்தான் சிவப்புக் கோழி ஒன்பது குஞ்சு பொரித்தது. எல்லாம் பெருவிடையின் வாரிசுகள். மற்றக் குஞ்சுகள் மாதிரி இல்லாமல், நெட்டைக் காலில் தடுமாறிக்கொண்டு, அப்பனைப் போலவே எதைப் பார்த்தாலும் விழித்துக்கொண்டு திரிந்தன. அவற்றைப் பார்க்கப் பார்க்க எனக்கு அப்படி ஒரு ஆசை. என் கண்ணெதிரே மூன்றைப் பருந்து கொண்டுபோயிற்று. ஒவ்வொரு தடவையும் சேவல் கூப்பிட்டுத்தான் இருந்தான். விமானம் என்று நானும் தாய்க்கோழியும் சும்மா இருந்துவிட்டோம்.

என் கணவர் சேவலைக் குற்றம் சொல்ல விடவில்லை. பழைய கேசட் ஒன்றைப் பிரித்து, அதன் நாடாவைக் கொல்லை முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினார். காற்றில் அது மினுங்கிப் படபடத்தால் பருந்துக்குப் பயமாம். பருந்துக்குப் பயம் வந்ததோ இல்லையோ, நான் துணி காயப்போடப் போகும்போதெல்லாம் கழுத்தில் சிக்கியது. அடுத்து விழிஞ்ஞத்துக்குப் போய்ப் பழைய மீன்வலை ஒன்றை வாங்கி வந்து கொல்லைக்கு மேலே பந்தல் மாதிரி கட்டினார். நல்ல யோசனைதான். வலையைக் கழுவிவிட்டுக் கட்டியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். மீன் வாடை பிடித்து அன்று மத்தியானமே முட்டத்தறையிலிருந்த அத்தனை காக்கையும் பூனையும் பருந்தும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டன.

மூக்கைப் பொத்திக்கொண்டு வந்த சேச்சி கேட்டார்: “அண்ணாச்சி பருந்தினெ ஓடிக்கானோ, அதோ சத்யக்கு விளிக்கானோ?”

விரட்டவா, விருந்துக்கு அழைக்கவா என்று கேட்டதில் என் கணவருக்குக் கோபம் வந்துவிட்டது. வலையைப் பிரித்துச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். சேவலின் கால் அதில் மாட்டியிருந்ததால் அவனும் கூடவே போனான்.

மூன்றாவது குஞ்சு போன அன்று நான் கொல்லையில் நின்று கத்திவிட்டேன். எனக்குக் கோபம் வந்தால் அக்கம்பக்கம் பார்க்கிற பழக்கம் இல்லை.

“இன்னும் ஒரே ஒரு குஞ்சு போகட்டும். மறுநாளு இவன் குழம்புச் சட்டியில கெடப்பான். சொல்லிட்டேன்!”

“கொல்லண்ட மோளே, பாவமல்லே,” என்று முற்றத்துக்கும் கொல்லைக்கும் நடுவிலிருந்த வேலிக்கு அப்பாலிருந்து சேச்சி பதறினார்.

“பாவம் பாத்தா குஞ்சு ஒண்ணு மிஞ்சாது, சேச்சி!”

என் கணவர் சேவலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “சரி,” என்றார்.

அந்தச் ‘சரி’ எனக்குத் தெரிந்த சரி. கடையில் முதலாளி என்ன சொன்னாலும் இதே குரலில்தான் “சரி அண்ணாச்சி” என்பார். நானே கேட்டிருக்கிறேன். பகல் முழுக்க வத்தல் தூசியில் தும்மிக்கொண்டு, எடை குறைந்தாலும் கூடினாலும் ஏச்சு வாங்கிக்கொண்டு நிற்பார். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சேவலுக்கு முன்னால் குத்தவைத்து, முதலாளியிடம் சொல்ல முடியாத பதிலையெல்லாம் சேவலிடம் சொல்வார். “நான் அப்பவே கேட்டிருக்கணும்லா, எடைக்கல்லு யாரு வாங்கிப் போட்டதுன்னு?” என்பார். அவன் தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் கேட்டுக்கொண்டிருப்பான். என்னிடம் சொன்னால் நான் மறுபதில் சொல்வேன், அறிவுரை சொல்வேன். சேவல் சொல்லாது. அவர்கள் இரண்டு பேரையும் பார்க்கும்போது எனக்குப் பொறாமையாக இருக்கும். கட்டினவள் ஒருத்தி அடுப்பங்கரையில் நிற்க, ஒரு மனுஷர் தன் மனசைக் கோழியிடம் கொட்டினால் யாருக்குத்தான் பொறுக்கும்?

ஆனாலும் அந்தச் ‘சரி’யைக் கேட்ட பிறகு எனக்கு மனசு சரியில்லை. சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்கவும் ரோஷம் விடவில்லை. அன்றிலிருந்து அவர் கடைக்குப் போகும்போது குஞ்சுகளை எண்ணிவிட்டுப் போவார். வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் எண்ணுவார். ஆறு இருந்தால்தான் காப்பி கேட்பார்.

இப்படியிருக்கும்போது பங்குனி ஆறாட்டு வந்தது. சுவாமியைக் கருட வாகனத்தில் எழுந்தருளச் செய்து, கோட்டையிலிருந்து சங்குமுகம் கடற்கரைக்கு நீராட்டக் கொண்டுபோவார்கள். போகிற வழியில் விமான நிலையம் இருக்கிறது. ஓடுபாதையைக் குறுக்கே கடந்துதான் சுவாமி கடலுக்குப் போக வேண்டும். அதற்காக அன்று சாயங்காலம் விமானம் எதுவும் ஏறாது, இறங்காது. எத்தனை பெரிய மனுஷன் உள்ளே உட்கார்ந்திருந்தாலும் சுவாமி தாண்டிப் போகிறவரை காத்திருக்க வேண்டியதுதான்.

கடை மத்தியானத்தோடு மூடிவிட்டதால் அவர் வள்ளக்கடவுக்கு ஆறாட்டு பார்க்கப் போனார். மறுநாள் கல்யாணத்துக்குக் கொடுக்க வேண்டிய ஜாக்கெட்டுகள் இருந்ததால் நான் போகவில்லை. குஞ்சுகளை எண்ணிவிட்டுத்தான் கிளம்பினார். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து இன்னொரு தடவையும் எண்ணினார்.

நான் ஜாக்கெட்டுக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். வெயில் தாழ்ந்திருந்தது. கொல்லையில் ‘க்ர்ர்ர்ர்’ என்று சேவல் தொடங்கினான்.

“வந்துட்டான் ஷார்ஜாக்காரன்,” என்று முணுமுணுத்துவிட்டு மெஷினை மிதித்தேன்.

சேச்சி வழக்கம்போல் கையைத் துடைத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தார். அண்ணாந்து பார்த்தார். காத்திருந்தார். இரைச்சல் ஒன்றும் வரவில்லை. பிறகு அவருடைய குரல் கேட்டது.

“மோளே, இன்னு விமானமில்லல்லோ. ஆறாட்டல்லே?”

என் கால் மிதியில் அப்படியே நின்றுவிட்டது. விமானம் இல்லை என்றால் சேவல் எதைப் பார்த்துக் கத்துகிறான்?

கதவோரத்தில் சாய்த்திருந்த, கொல்லை பெருக்குகிற வாரியலை எடுத்துக்கொண்டு ஓடினேன். தாய்க்கோழி வாழை மூட்டில் நிம்மதியாகச் சீய்த்துக்கொண்டிருந்தது. குஞ்சுகள் கொல்லை முழுக்க இறைந்து கிடந்தன. சேவல் தன் கடமையைச் செய்துவிட்டு, துவைகல்லுக்கு அடியில் தலையை விட்டிருந்தான். யார் ஓடினாலும் பின்னால் ஓடுகிற இரண்டு குஞ்சுகள் அவன் வயிற்றுக்குக் கீழே நின்றன. இன்னொன்று பின்னால் தடுமாறி ஓடிக்கொண்டிருந்தது. அதைக் குறி வைத்து மேலேயிருந்து இறங்கிக்கொண்டிருந்தது பருந்து.

கழுத்தைப் பார்த்தேன். மற்ற நாளெல்லாம் தெரியாத கழுத்து அன்றைக்கென்று பளிச்சென்று தெரிந்தது. சுண்ணாம்பு அடித்த வெள்ளை. சாட்சாத் கருடன்.

குஞ்சு சேவலின் வாலடிக்குள் நுழையவும் கருடன் வந்து சேரவும் சரியாக இருந்தது. உள்ளே தலை மாட்டிக்கொண்ட சேவல் பயத்தில் இறக்கையை அடித்தான். புழுதி கிளம்பியது. கோழிக்குஞ்சைத் தேடி வந்த கருடனுக்கு எதிரே ஒரு மலைபோல அவனுடைய பின்பக்கம் எழுந்து ஆடியது. அப்படி ஒன்றை அது எந்த ஊரிலும் பார்த்திருக்காது. ஒரு கணம் திகைத்து, காலை நீட்டியபடி அந்தரத்திலேயே நின்றது. மறுபடி குஞ்சைப் பார்த்தது.

என் வலது கை பழக்கதோஷத்தில் கன்னத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. வாயில் ‘கிருஷ்ணா’ வந்துவிட்டது. அந்த நேரத்தில் ‘சரி’ என்று சொன்ன முகம் ஞாபகத்துக்கு வந்தது. வாரியல் இடது கையில் இருந்தது. எறிந்துவிட்டேன்.

இடது கையால்! வாரியலை! கருடன்மேல்! அதுவும் ஊரே கருட வாகனத்தைக் கும்பிட்டுக்கொண்டு நிற்கிற ஆறாட்டு நாளில்!

வாரியல் கட்டவிழ்ந்து, பாதி ஈர்க்கு கொல்லையில் சிதறி, மீதி அதன் இறக்கையில் போய்ப் பட்டது. கருடன் கீச்சென்று கத்திக்கொண்டு எழும்பித் தென்னைமரத்தில் போய் உட்கார்ந்தது. அங்கிருந்து என்னை ஒரு பார்வை பார்த்தது. அப்போதுதான் நான் இரண்டு கையாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். தோப்புக்கரணமும் போட்டேன். தோப்புக்கரணம் பிள்ளையாருக்கு உரியது என்பது பாதியில்தான் ஞாபகம் வந்தது. தொடங்கியதை நிறுத்தக்கூடாது என்று முழுக்கப் போட்டு முடித்தேன்.

வேலியோரத்தில் சேச்சி “என்டெ பத்மநாபா” என்று கும்பிட்டுக்கொண்டிருந்தார். பிறகு அவருடைய தோள் குலுங்கியது. பார்த்தால் சிரிப்பு. எனக்கும் தொற்றிக்கொண்டது. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் வேலியைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தோம். சேவல் இன்னும் தலையை வெளியே எடுக்கவில்லை.

“நம்மள் ஒந்நும் கண்டிட்டில்ல. கேட்டா மோளே?” என்றார் சேச்சி.

“ஒண்ணும் காணல, சேச்சி.”

சிரித்தாலும் உள்ளுக்குள் எனக்குப் பயம்தான். அன்று விளக்கில் வழக்கத்தைவிட அதிகமாக எண்ணெய் விட்டேன்.

விளக்கு வைத்துக் கொஞ்சநேரம் கழித்து அவர் வந்தார். வீட்டுக்குள் வரவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு நேரே குஞ்சுகளை மூடி வைத்திருந்த பஞ்சாரத்துக்குப் போனார். மெதுவாகத் தூக்கிப் பார்த்து அவர் எண்ணுவது எனக்குக் கேட்டது. முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினார். பிறகு வந்து அடுப்பங்கரைப் படியில் உட்கார்ந்தார்.

“ஆறும் இருக்குட்டி.”

“இருக்கு.”

“பருந்து வரலியா?”

“வந்துச்சு. உங்க சேவல்தான் கூப்பிட்டான். இன்னைக்கு விமானம் கிடையாதேன்னு நானும் ஓடிப் போய்ப் பாத்தேன். பருந்து பறந்து போயிட்டு.”

“தானாவா போயிட்டு?”

நான் பதில் சொல்வதற்குள் அவரே தொடங்கினார். “நான் ஒண்ணு சொல்லட்டா? சாமி கிட்ட வரும்போ எல்லாவனும் எட்டி எட்டிப் பாக்கான். நான் கண்ண மூடிட்டேன். ‘கருடா, நீ சாமியச் சுமந்துக்கிட்டு நேரே கடலுக்குப் போ, எங்க வீட்டுப் பக்கம் மட்டும் திரும்பிராத’ன்னு கேட்டேன். நல்லா அழுத்திக் கேட்டேன். கண்ணத் தொறந்தா சாமி போயாச்சு. போலீஸ்காரன் குதிரையோட வாலுதான் தெரியுது.”

வருஷத்தில் இரண்டு நாள் மட்டும் தெருவுக்கு வருகிற சுவாமி. அவரைப் பார்க்கத்தான் அத்தனை தூரம் நடந்து போயிருந்தார்.

“கேட்டுட்டாருல்லா?” என்று என் முகத்தையே பார்த்தார்.

பாத்திரம் கழுவுகிற சாக்கில் முற்றத்தில் நின்ற சேச்சி என்னைப் பார்த்தார். நான் கதவோரத்தைப் பார்த்தேன். வாரியலில் பாதி ஈர்க்கு இல்லை.

“கேட்டுட்டாரு,” என்றேன்.

அவர் துண்டை எடுத்து மடித்தார், பிரித்தார். “அப்பம்... இவன...” என்று கொல்லைப் பக்கம் கையைக் காட்டினார்.

“கறுப்புக்கோழி அடைக்குக் கூடிட்டு. நாளைக்கு முட்டை வைக்கணும்,” என்றேன். “அதுக்கடுத்து வெள்ளக்கோழி. சேவல் இல்லாம எப்படி?”

அவர் முகத்தைத் துண்டால் அழுந்தத் துடைத்துக்கொண்டார். வத்தல் தூசி கண்ணில் விழுந்துவிட்டது என்றார். வழக்கமாக இதற்குள் சேவலிடம் போய்க் குத்தவைத்திருப்பார். அன்று எழுந்திருக்கவில்லை. யானை எப்படி வந்தது, மகாராஜா வாளைப் பிடித்துக்கொண்டு எப்படி நடந்தார், கருட வாகனம் வெயிலில் எப்படி மின்னியது என்று, தான் பார்க்காத ஆறாட்டை ஒன்று விடாமல் எனக்குச் சொன்னார். நான் ஒரு மறுபதிலும் சொல்லாமல், தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே சோறு போட்டேன்.